டெக்சாஸ் போலீஸ் விசா பற்றிக் கேட்கலாமா?

கேள்வி: மைத்துனர் டெக்சாஸின் டல்லாஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் தேதி முடிந்துவிட்டது. அதற்கு முன்பே கம்பெனி நீட்டிப்புக்கு மனுப் போட்டுவிட்டது, முடிவு வரவில்லை. காரை உள்ளூர் போலீஸ் நிறுத்தினால் விசா பற்றிக் கேட்கலாமா? குடியேற்றத் துறையிடம் ஒப்படைப்பார்களா?

பதில்: கேட்கலாம். முறையாக நிறுத்தப்பட்டவரிடம் கேட்க, டெக்சாஸின் 2017 எஸ்.பி.4 சட்டம் இடம் தருகிறது. ஆனால் விசா காலம் கடந்தது என்பதற்காக மட்டும் உள்ளூர் போலீஸ் கைது செய்ய முடியாது என்று 2012-இல் அரிசோனா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியேற்றச் சட்டத்தின் 287(ஜி) பிரிவின்படி மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு அதிகாரம் பெற்ற போலீஸார் விதிவிலக்கு.

உங்கள் மைத்துனருக்கு ஆபத்து விசாவைவிட டிரைவிங் லைசென்ஸில்தான். அது ஐ-94 தேதியோடு காலாவதியாகியிருக்கும். அபராதம் மட்டுமே உள்ள சின்னக் குற்றத்துக்கும் கைது செய்யலாம் என்று 2001-இல் அதே நீதிமன்றத்தில் தீர்ப்பானது. சீட் பெல்ட் போடாத ஒரு டெக்சாஸ் பெண்ணின் வழக்கு அது. கைதானால் கைரேகை எஃப்.பி.ஐ. வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தானாகப் போகும். அங்கிருந்து 'டிடெய்னர்' வரலாம்: விடுதலையாகும் நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள் என்ற கோரிக்கை. பல மாநிலங்களில் உள்ளூர்ச் சிறையை நடத்தும் ஷெரிஃப் மறுக்கலாம், டெக்சாஸில் முடியாது. செல்லுபடியாகும் டெக்சாஸ் லைசென்ஸ் போன்ற சான்றைக் காட்டியவரை மட்டும் அப்படிப் பிடித்துவைக்கத் தேவையில்லை. எனவே நீட்டிப்பு மனுவின் ஐ-797 ரசீதோடு, லைசென்ஸ் தரும் டி.பி.எஸ். அலுவலகம் போய் லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம்.

காலத்தில் மனுப் போட்டதால், அதே கம்பெனியில் 240 நாள் வரை வேலை செய்ய உரிமை உண்டு. ஐ-94, ரசீது இரண்டும் எப்போதும் கையில் இருக்கட்டும். 18 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். குடியுரிமை இருப்பதாக ஒருபோதும் பொய் சொல்லக் கூடாது. அது நிரந்தரத் தடையில் போய் முடியும்.

உள்ளூர் போலீஸை இந்த வேலைக்கு இழுப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து. புகார்தாரரிடமும் சாட்சியிடமும் அவசியமின்றிக் கேட்கக் கூடாது என்று எஸ்.பி.4-லேயே இருக்கிறது. ஆனால் வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு அந்த உட்பிரிவு தெரியாது, அவசர உதவி எண் 911-ஐ அழைக்கவே பயப்படுகிறாள்.

டிடெய்னர் வந்துவிட்டால் உடனே ஜாமீன் கட்டிவிடாதீர்கள். கட்டியதும் அந்த 48 மணி நேரம் ஓடத் தொடங்கும், குடியேற்றத் துறை வந்து அழைத்துப் போய்விடும். முதலில் குடியேற்ற வழக்கறிஞர் மூலம் ரசீதைக் காட்டி டிடெய்னரை ரத்து செய்யக் கேளுங்கள். தானாக நாடு திரும்புவதாகச் சொல்லும் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது.