சீப்பு சீடை சுற்ற வராத விரல்

“கழுத்துத் தண்டுவட ஆபரேஷனில் தலையில் ஊசி குத்தி கரண்ட் விடுவார்களாமே? 64 வயது ஆத்தாவுக்கு மூளை கலங்கிவிடாதா? கால் விளங்காமல் போய்விடாதா?” – தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி.

மூளை கலங்காது. முதலில் நீங்கள் பார்த்துப் பயந்த அந்த யூடியூப் வீடியோவை மூடுங்கள்.

உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. போன வருஷம் வரை வீட்டில் சீப்பு சீடைக்கு ஆத்தாதான், இப்போது மாவை விரலில் சுற்றி ஒட்ட வரவில்லை, வயசாகிவிட்டது என்கிறீர்கள். இது வயசு செய்கிற வேலை இல்லை. கழுத்தில் தண்டுவடம் நெரிபட்டால் கையின் நுணுக்கம்தான் பெரும்பாலும் முதலில் போகும். ரவிக்கைக் கொக்கி மாட்ட வராது, நடை தள்ளாடும், வெறுங்காலுக்கு ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிகூடச் சரியாக உறைக்காது. வலி இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. “வலிதான் இல்லையே” என்று தள்ளிப்போட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தை வரை காத்திருக்காதீர்கள். இந்த ஆபரேஷன் முக்கியமாக மேற்கொண்டு கெடாமல் தடுப்பதற்குத்தான். போனதெல்லாம் திரும்பி வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நடுவில் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் திடீரெனத் துவண்டாலோ அன்றைக்கே மதுரைக்குக் கிளம்புங்கள்.

மெடிக்கலில் நீங்களாக வாங்கித் தரும் நரம்புச் சத்து மாத்திரை நெரிசலை எடுக்காது. எண்ணெய் தேய்த்துக் கழுத்தை நெட்டி முறிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் பயப்படுகிற ஆபரேஷனைவிட எனக்கு அந்தக் கைகள்தான் பயம்.

சரி, அந்த ஊசிக்கு வருவோம். ஆபரேஷன் நடக்கும்போதே தண்டுவடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது. மயக்கத்தில் இருப்பவரிடம் “காலை ஆட்டுங்கள்” என்று கேட்க முடியாது. 1973ல் பிரான்சில் ஸ்டாக்னாரா என்ற சர்ஜனின் குழுவினர் ஆபரேஷன் நடுவிலேயே நோயாளியை எழுப்பிக் கேட்கும் முறையை எழுதினார்கள்; இன்றும் அவசியப்பட்டால் செய்வதுண்டு. இப்போது அந்தக் கேள்வியைக் கருவியே திரும்பத் திரும்பக் கேட்கிறது. கணுக்காலில் சின்னத் துடிப்பு கொடுத்தால் அது தண்டுவடம் ஏறித் தலையில் பதிவாகும். இது உணர்ச்சிப் பாதை. தலையில் கொடுத்தால் கட்டைவிரலும் பாதமும் துள்ளும். இது அசைவுப் பாதை. ஒன்று நன்றாக இருக்கும்போதே இன்னொன்று கெடலாம் என்பதால் இரண்டையும் பார்க்கிறார்கள். உணர்ச்சி அலையின் உயரம் பாதியாகக் குறைந்தால் எச்சரிக்கை. உடனே சர்ஜன் கையை நிறுத்துவார், மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை ஏற்றுவார், கழன்ற ஊசியா என்றும் பார்ப்பார்கள். பல சமயம் ரத்த அழுத்தம் ஏறியதும் அலை திரும்பிவிடும். இது காவல்காரன் மாதிரி, திருட்டே நடக்காது என்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் கழுத்துப் பகுதியில் கை வைக்கும்போது காவல் இருப்பது நல்லது. உங்கள் சர்ஜன் அதைக் கேட்டிருக்கிறார் என்றால் கவனமான ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் ஊசிக்குத்துப் புள்ளி நாலைந்து நாளில் மறையும். அந்தத் துடிப்பில் தாடை இறுகும், நாக்கு கடிபடாமலிருக்கப் பல்லிடையில் துணிச்சுருள் வைப்பார்கள். ஆத்தாவுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, நெஞ்சில் பேஸ்மேக்கர், தலைக்குள் ஆபரேஷனில் வைத்த கிளிப் ஏதாவது இருந்தாலோ மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், ஆடுகிற பல் இருந்தால் அதையும்.