பூனை வரையும் முக்கோணம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்த புதிதில் மாணவர்கள் துள்ளிக்கொண்டு வந்தார்கள். பாடக் காணொளிகளைக் காட்டினேன், வினாடி வினா நடத்தினேன். சில வாரங்களிலேயே பழைய சோர்வு திரும்பிவிட்டது. கணினியால் மாணவர்களுக்கு ஊக்கமூட்ட முடியும் என்பது உண்மைதானா? பாடத்தை முடிக்கவே நேரம் போதாதபோது படைப்பாற்றலுக்கு எங்கே போவது?

ஒரு கணித ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவர்களின் சோர்வு நியாயமானது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வேலை எதுவும் வரவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் மென்பொருளை ஆய்வகக் கணினிகளில் நிறுவிப் பாருங்கள். அது இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணைய இணைப்பும் தேவையில்லை. கட்டளைத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையிலுள்ள பூனை அதன்படி நடக்கும், பேனாவைச் சேர்த்துவிட்டால் கோடும் வரையும். சமபக்க முக்கோணம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். 'நூறு அடி நட, 60 பாகை திரும்பு, இதை மூன்று முறை செய்' என்றுதான் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் எழுதுவார்கள், ஏனெனில் முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று மனப்பாடமாக இருக்கும். திரையில் வருவதோ மூடாமல் நிற்கும் பாதி அறுகோணம். அந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. என் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து தரையில் முக்கோணமாக நடந்து பார்த்தாள். மூலையில் தன் உடல் எவ்வளவு திரும்புகிறது என்று கவனித்துவிட்டு ஓடிப்போய் 120 என்று மாற்றினாள். வெளிக்கோணம் என்பதை அதன்பின் நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1967இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், குழந்தை தன் உடலைக் கொண்டே வடிவியலைக் கற்க முடியும் என்று வலியுறுத்தியது இதைத்தான்.

பாடத்துக்கு நேரமில்லை என்கிறீர்கள். கோணங்களும் பலகோணங்களும் பாடப்புத்தகத்தில் இருப்பவைதாமே. அந்தப் பாடவேளைகளையே இதற்குக் கொடுக்கலாம். முக்கோணம் முடிந்ததும், 144 பாகை திரும்பி ஐந்து முறை நடந்தால் என்ன வரும் என்று கேளுங்கள். நட்சத்திரம் வந்ததும் வகுப்பில் எழும் சத்தத்தைத் தயவுசெய்து அடக்காதீர்கள். அடுத்து வீட்டு வாசல் கோலத்தை வரையச் சொல்லலாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளால், அதாவது ஒரு வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளால், விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள் என்பதை உங்கள் மாணவிகள் அறிந்துகொள்ள வேண்டும். கணக்கு வராது என்று ஒதுங்கியிருக்கும் பெண்ணுக்குச் சிக்குக் கோலம் நன்றாக வரும் என்றால், அன்றைய வகுப்பில் மற்றவர்கள் அவளிடம்தான் கேட்டுச் செய்ய வேண்டியிருக்கும்.

இதற்கு மதிப்பெண்ணோ பரிசோ வைக்காதீர்கள். பரிசு என்றதும் பிள்ளைகள் தெரிந்த வடிவத்தையே வரைந்து முடித்துவிடுவார்கள். தவறாகிவிடுமோ என்ற பயத்தில் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள்.

கணினிகள் குறைவாக இருந்தால் இருவருக்கு ஒன்று போதும். ஒருவர் கட்டளையைச் சொல்ல மற்றவர் பொருத்தட்டும், பாடவேளையின் நடுவில் இருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். மாற்றாவிட்டால் கணினியின் சுட்டி (மவுஸ்) எப்போதும் துடுக்கான பிள்ளையின் கையிலேயே இருக்கும்.