மூன்று மா நிலமும் ஒரு டையோடும்

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்கக் கும்பகோணம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். சென்னையில் ஐடி வேலை பார்க்கும் தாய்மாமன், ஒரு தனியார் கல்லூரியில் ஏஐ படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 14 லட்சம். அதற்காக மூன்று மா நிலத்தை, அதாவது சுமார் ஒரு ஏக்கரை, விற்கப் பேசி அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

முதல் பத்து நிமிடம் ஆறுதலாகத்தான் பேசினேன். அட்வான்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அதை நிறுத்திவிட்டேன். ஐயா, அன்றைக்குச் சொன்னதை நிதானமாக இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல நிலத்தை விற்க யோசிக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

நிலத்தை விற்காதீர்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. 2021-இல் சட்டமாக வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மேனேஜ்மென்ட் இடத்தை வாங்கினால் 7.5-இல் கிடைக்கும் கட்டணச் சலுகை கைவிட்டுப் போகும். மாமன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் குறுவைக்குத் தண்ணீர் வரும்போது நடுவதற்கு நிலம் இல்லாமல் நிற்கப் போவது அவர் இல்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங், பி.எட். பற்றியெல்லாம் ஊரில் ஆளாளுக்குச் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது உங்கள் மகள் செய்த ஒரு காரியம்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேசையில் கிடந்த, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன உறுப்பான டையோடு ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். 580 மில்லிவோல்ட் (ஆயிரம் மில்லிவோல்ட் ஒரு வோல்ட்) காட்டியது. அதை விரலால் பிடித்ததும் எண் மெல்ல இறங்கியது. “ஏன் சார் குறையுது?” என்றாள். இரண்டையும் அவளிடமே கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. டையோடை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஐஸ் தண்ணீரில் ஒரு தடவை, சாதாரணத் தண்ணீரில் ஒரு தடவை, சுடுதண்ணீரில் ஒரு தடவை வைத்து அளந்திருக்கிறாள். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடும் இழுத்திருக்கிறாள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவு. பாடப்புத்தகம் சொல்வதும் அதுதான். யாரும் செய்யச் சொல்லாமல் செய்த பிள்ளை, ஐயா. இருபது வருடத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இந்த 2 மில்லிவோல்ட்டை வைத்தே ஒரு தொழில் இருக்கிறது. உங்கள் போனில் போட்டோ சேமிக்கும் ஃபிளாஷ் சிப்புக்குள் எழுதவும் அழிக்கவும் 20 வோல்ட் வரை வேண்டும். வெளியிலிருந்து வருவதோ 3.3 வோல்ட், சிலதில் அதைவிடக் குறைவு. மீதியைச் சிப்பே உள்ளுக்குள் ஏற்றிக்கொள்கிறது. சார்ஜ் பம்ப் என்பார்கள். சிப்புக்குள் வைக்கத் தோதான வடிவத்தை டிக்சன் என்பவர் 1976-இல் எழுதினார்.

உங்கள் தாத்தா காலத்தில் இறைகூடை போட்டு இறைத்திருப்பார்கள். ஒரே வீச்சில் ஏறாத மேடு என்றால் நடுவில் குழி வெட்டி, கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள். இங்கே மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் கெப்பாசிட்டர்தான் கூடை. ஏறியது திரும்பிப் பின்னால் வராமல் டையோடு தடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் டையோடு தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். குளிரில் அந்தப் பங்கு கூடுவதால் உயரம், அதாவது கிடைக்கும் வோல்ட், குறையும். சூட்டில் பங்கு குறைகிறது, ஆனால் கூடை ஒழுக ஆரம்பிக்கிறது. சுமார் பத்து டிகிரிக்கு ஒரு தடவை கசிவு இரண்டு மடங்காகும். வோல்ட் கூடிப்போனால் சிப்புக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு காப்புப் படலம் தேயும், குறைந்தால் எழுதியது சரியாகப் பதியாது. கார் எஞ்சின் பக்கத்தில் உட்காரும் சிப் மைனஸ் 40 டிகிரியிலிருந்து 125 டிகிரி வரை ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அழகு. சூடேறினால் குறைகிற ஒரு வோல்ட்டேஜையும், சூடேறினால் கூடுகிற இன்னொன்றையும் சரியான அளவில் சேர்த்தால் ஏறக்குறைய 1.2 வோல்ட் வரும். அது சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் அசையாது. பேண்ட்கேப் என்று பெயர், 1971-இல் விட்லர் என்ற பொறியாளர் செய்தது. பம்பின் உயரத்தை இந்த அளவுகோலோடு ஒப்பிட்டு, எட்டியதும் பம்பை நிறுத்துவார்கள், இறங்கினால் மறுபடி ஓட்டுவார்கள். மதகைத் திறந்து மூடுவது போலத்தான். அதில் குறைகிற வோல்ட்டேஜ் எது தெரியுமா? உங்கள் மகள் ஐஸ் தண்ணீரில் அளந்ததேதான்.

இந்த வேலைக்கு அனலாக் டிசைன் என்று பெயர். போக வேண்டிய வழி ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), அதுவும் கலந்தாய்வில் கிடைக்கும் அரசுக் கல்லூரி. பிறகு கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். திருச்சி என்ஐடியிலேயே விஎல்எஸ்ஐ என்ற சிப் வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது, கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் அனலாக் வகுப்புகள் இலவசம். மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருளும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஸ்கைவாட்டர் என்ற சிப் கம்பெனி, தன் 130 நானோமீட்டர் சிப்பை வடிவமைக்கத் தேவையான விவரங்களை 2020-இல் கூகுளோடு சேர்ந்து எல்லாருக்கும் திறந்துவிட்டது. அவள் ஒரு பம்பை வரைந்து, வெப்பநிலையை மைனஸ் 40, 27, 125 என்று மாற்றி மாற்றி வீட்டிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இது மெதுவாகக் கைவரும் படிப்பு. பி.இ. முடித்த உடனே வேலை என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, எம்.டெக். வரை பொறுக்க வேண்டியிருக்கும். வேலையும் பெரும்பாலும் பெங்களூர், ஹைதராபாத், சென்னையில்தான், டெல்டாவில் கிடையாது. “பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் எப்படி சார்?” என்று அம்மா கேட்டார்கள். மாமன் பார்த்து வைத்த படிப்புக்கும் அதே தூரம்தான், அம்மா.

அட்வான்ஸை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலைமையாசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அவளே எழுதட்டும், மாமனுக்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம். மல்டிமீட்டர் அவளிடமே இருக்கட்டும்.