ஹை-எம்டி வட்டு: கேள்விகளும் பதில்களும்

ஓட்டுக்குள் அடங்கிய சோனியின் சிறு இசைவட்டான மினிடிஸ்க்கின் புதிய வகையாக, 2004-இல், அழித்தெழுதக்கூடிய ஹை-எம்டி இசைவட்டு சந்தைக்கு வந்தது. மினிடிஸ்க் கருவிகளை நெடுங்காலமாகக் கையாண்டு வருபவன் என்பதால், அது குறித்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை விடையளிக்கிறேன்.

கேள்வி: மினிடிஸ்க் 1992-லேயே வந்துவிட்டதே, இதில் புதுமை என்ன?

பதில்: கொள்ளளவுதான். வட்டை மூடியிருக்கும் ஓடும், அதனுள் சுழலும் 64 மி.மீ. வட்டும் அதே அளவுதான். பழைய வட்டில், அட்ராக் என்ற சோனியின் ஒலிச்சுருக்க முறையில் இசையை சி.டி.யின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் 74 அல்லது 80 நிமிடங்கள் பதிய முடிந்தது. புதிய வட்டு 1 ஜி.பி. கொள்வதால், சுருக்காமலேயே 94 நிமிடங்கள் பதியலாம். நொடிக்கு 64 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினால் 34 மணி நேரம்கூடப் பதியலாம். ஆனால் அதைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இசையில் தாளத் தட்டுகளின் ஒலி மணல் சலிப்பதுபோல் கேட்கும்.

கேள்வி: அதே அளவு வட்டில் இவ்வளவு எப்படி அடங்குகிறது?

பதில்: பதிவு வட்டின் தகட்டுக் கதவை நகர்த்திப் பாருங்கள், இரு பக்கமும் திறக்கும், பாடல்களுடன் விற்கப்படும் வட்டில் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். பதியும்போது ஒரு பக்கத்திலிருந்து லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்க, அந்தச் சூட்டில் காந்தப் பிடிப்பை இழக்கும் அவ்விடத்துக்கு மறுபக்கத்துக் காந்தத் தலை புதிய திசையைக் கொடுக்கிறது; ஆறியதும் அது அப்படியே நிலைத்துவிடுகிறது. கேட்கும்போது வலுக்குறைந்த லேசர், பட்டுத் திரும்பும் ஒளியின் சிறு திருகலைக் கொண்டு அத்திசையை அறிகிறது. லேசர் புள்ளியைவிட மிகச் சிறிய குறிகளைப் பிரித்தறிய இயலாது என்பதே பழைய வட்டின் எல்லையாக இருந்தது. புதிய வட்டிலோ காந்தப் படலம் பல அடுக்குகளாக உள்ளது. படிக்கும் லேசரின் சூட்டில் ஓர் அடுக்கில் மட்டும் குறியின் எல்லைச்சுவர் நகர்ந்து, சின்னஞ்சிறு குறி ஒரு கணம் பெரிதாகத் தெரிகிறது, பதிவைத் தாங்கும் அடுக்கோ மாறாமல் இருக்கிறது. இந்த வட்டில் நான் மிகவும் வியப்பது இதைத்தான்.

கேள்வி: எத்தனை முறை அழித்து எழுதலாம்?

பதில்: மினிடிஸ்க்குக்குச் சொல்லப்படும் கணக்கு பத்து லட்சம் முறை. வட்டு தேய்வதற்குள் உங்களுக்கே சலித்துவிடும்.

கேள்வி: பழைய வட்டுகள் வீண்தானா?

பதில்: இல்லை, அவை புதிய கருவியில் ஒலிக்கும். 80 நிமிட வட்டைப் புதிய முறைக்கு மாற்றி வடிவமைத்தால் 305 எம்.பி. வரை கொள்ளும், ஆனால் அதன்பின் பழைய கருவி அதை ஏற்காது. 1 ஜி.பி. வட்டையும் பழைய கருவியில் பயன்படுத்த முடியாது.

கேள்வி: எம்பி3 கோப்புகளை அப்படியே போட்டுக் கேட்கலாமா?

பதில்: 2004-இல் வந்த கருவிகளில் வெறும் கோப்பாகப் போட்டு வைக்க முடிந்தது, கேட்க முடியவில்லை. கேட்பதற்கென்றால், சோனிக்ஸ்டேஜ் என்ற சோனியின் கணினி மென்பொருள் அவற்றை அட்ராக்காக மாற்றியே வட்டில் ஏற்றியது. ஏற்கெனவே சுருக்கியதை மீண்டும் சுருக்கியதால் தரம் இன்னும் குறைந்தது. இத்தனை நல்ல வட்டுக்கு இப்படியொரு பூட்டு தேவையில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: மைக்கில் பதிந்த கச்சேரியைக் கணினிக்கு மாற்றலாமா?

பதில்: ஹை-எம்டி முறையில் பதிந்திருந்தால் யுஎஸ்பி வழியாக மாற்றலாம், இதை வாங்க இதுவொன்றே போதுமான காரணம். பழைய முறைப் பதிவுகளை மட்டும், 2004-இல் வந்த கருவிகளில், முன்போலவே ஒலிவடம் இணைத்து, ஓடவிட்டுத்தான் பதிந்தெடுக்க வேண்டியிருந்தது. சில மாடல்களில் மைக் துளை இல்லாததால், வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.