பெயர் மாறிய விபத்துச் செய்தி: அழிக்காமல் திருத்துங்கோ

பக்கத்தை அழித்தது காணாது. உங்கட செய்தித்தளத்தில் கொடிகாமம் விபத்துச் செய்தியில் வேறொருவரைச் சாரதி எண்டு போட்டு, ஆட்சேபம் வந்ததும் தூக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீங்கள். ஸ்கிரீன்ஷொட் இன்னும் சுத்துது, திருத்தம்தான் எங்கும் இல்லை. அதே இணைப்பில் செய்தியைத் திரும்ப ஏற்றி, முதல் பந்திக்கு மேலே போடுங்கோ:

“திருத்தம், பி.ப. 4.20: சாரதியின் பெயர் தவறாக வெளியானது. அந்த நபருக்கு விபத்துடன் எந்தத் தொடர்பும் இல்லை. வருந்துகிறோம்.”

“சில தவறுகள்” எண்டு மழுப்ப வேண்டாம். பெயரைத் திருத்தத்தில் சொல்லலாமோ எண்டு, தவறாகப் பெயர் போடப்பட்டவரையே கேளுங்கோ. சிலருக்குப் பெயர் சொல்லித் துடைத்தால்தான் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

பேஸ்புக்கில் பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டு நிக்கும். இணைப்பின் தலைப்பைப் புதுப்பிக்கிற பேஸ்புக் கருவியான ஷேரிங் டிபக்கரில் (Sharing Debugger) இணைப்பைக் கொடுத்துப் புதுப்பியுங்கோ. திருத்தத்தைத் தனிப் பதிவாகவும் போடுங்கோ.

“மூன்று தளத்தில் பார்த்துத்தான் போட்டோம்” எண்டீங்கள். அநேகமாக மூன்றும் ஒரே வட்ஸ்அப் தகவலைப் பிரதி எடுத்திருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ: ஒரே எழுத்துப்பிழை, ஒரே சொல்லொழுங்கு இருந்தால் அது ஒரே மூலம்தான். இனிமேல் முதலெழுத்து, பெயர், வயது, ஊர் நாலையும் பொலிஸிடமும் குடும்பத்திடமும் தனித்தனியே கேளுங்கோ. குடும்பத்துக்குச் சாவுச்செய்தி போய்ச்சேர முதல் பெயரே வேண்டாம்.

ஒண்டு கவனம்: இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்குப் போடலாம். சட்டத்தரணியின் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தால், திருத்த வாசகத்தை உங்கட சட்டத்தரணிக்குக் காட்டிவிட்டுப் போடுங்கோ.