641 குருட்டு அதிர்ஷ்டமா?

கேள்வி: 4,29,49,67,297 ஒரு பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பியதாகவும், அது 641ஆல் வகுபடும் என்று ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை பின்னர் காட்டியதாகவும் படித்தேன். கணிப்பொறி இல்லாத காலத்தில் 641 அகப்பட்டது குருட்டு அதிர்ஷ்டம்தானே? கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் ஃபெர்மாவே கண்டிருப்பாரே?

பதில்: பொறுமையைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641 என்பது 116ஆவது பகா எண்; சலிக்காத மனிதருக்கு அது சில நாள் வேலைதான். ஆனால் அதிர்ஷ்டம் என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். ஏனென்றால் ஆய்லரின் வழியில் போகிறவருக்கு 641 வருவது ஐந்தாவது இடத்தில்.

உங்கள் எண், 2இன் 32ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டினால் வருவது. ஏதோ ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதனால் 2இன் 32ஆம் அடுக்கை வகுக்கும்போது மீதி −1 (அதாவது 1ஐச் சேர்த்தால் மீதியின்றி வகுபடும்), 64ஆம் அடுக்கை வகுக்கும்போது மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஆக, மீதி 1 வருவது 64இன் மடங்கான அடுக்குகளில் மட்டும். ஆனால் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 வரும் என்பது ஒரு தேற்றம். இதிலிருந்து, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் எஞ்சுவது 64இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்பது பெறப்படுகிறது. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவது வகுத்தது, ஈவு 67,00,417. ஆய்லர் 1732இல் விடையை மட்டும் தெரிவித்தார். காரணத்தைப் பின்னர் ஒரு கட்டுரையில் எழுதினார்.

நெடிய வகுத்தல் போடாமலே 641ஐச் சரிபார்க்கவும் வழி உண்டு. 5ஐ 128ஆல் பெருக்கினால் 640. 641ஆல் வகுக்க மீதி −1. 128 என்பது 2இன் 7ஆம் அடுக்கு ஆதலால், இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கிவரும் தொகைக்கு மீதி 1. ஆனால் 625 என்பது 641இல் 16 குறைவு. அதாவது அதன் மீதி −16, 2இன் நான்காம் அடுக்கின் எதிர்மறை. ஆகவே 2இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1; அதோடு 1ஐக் கூட்டினால் மீதி ஒன்றுமில்லை.

ஃபெர்மாவைக் குறை சொல்வதென்றால் பொறுமையின்மையைச் சொல்லாதீர்கள். மேலே சொன்ன வாதத்தில் வந்த, ஒன்று குறைந்த அடுக்கில் மீதி 1 என்ற தேற்றம் ‘ஃபெர்மாவின் சிறிய தேற்றம்’ எனப்படும் அவருடையதேதான். 1640இல் இதே வகை வாதத்தைக் கொண்டே, 2இன் 37ஆம் அடுக்கில் 1ஐக் குறைத்து வரும் எண்ணுக்கு 223 ஒரு காரணி என்று அவர் கண்டார். கையில் இருந்த சல்லடையை அவர் ஏன் இங்கே பயன்படுத்தவில்லை என்று கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65,537 என்று முன்னால் ஐந்தும் பகா எண்களாக நின்றது அவர் கண்ணை மறைத்திருக்கலாம் என்பது என் ஊகம். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

உங்கள் பொறுமையையும் சோதித்துப் பாருங்களேன். ஈவாக வந்த 67,00,417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2,588 சொச்சம். அதற்குள் நம் சல்லடையில் தங்கும் எண்களில் முதல் நான்கும் முன்பே தோற்றுவிட்டன. மிஞ்சுபவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு மட்டும். (1729 கூட 64இன் மடங்கோடு ஒன்று சேர்ந்ததுதான், ஆனால் அது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல் தொகை என்பதால் பட்டியலில் இடமில்லை.) ஏழு வகுத்தல், அரை மணி நேரம்.