"நீ அன்னைக்கு இல்லைல்லா"

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று டிவியில் ஓடுகிறது. வீட்டில் யாருக்கும் போன் போகவில்லை. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்ட செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்து மாடியில் ஏறித் தப்பித்தார்கள். அப்பாவின் பலசரக்குக் கடை போய்விட்டது. சரக்கோடு, யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதி வைத்திருந்த பற்று நோட்டும்.

இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி ஊருக்கு வந்திருக்கிறேன். கடைத்தெரு பழையபடி இயங்குகிறது, அப்பாதான் பழையபடி இல்லை. வானம் இருட்டினால் போதும், பாபநாசம் அணையில் எத்தனை அடி, மணிமுத்தாறு அணையில் எத்தனை அடி என்று போனும் கையுமாகவே இருக்கிறார். ராத்திரி எழுந்து ஆற்றைப் பார்க்கப் போகிறார். "சென்னைக்கு வந்துருங்கப்பா" என்றால் கோபம் வருகிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். பேசினால் பாரம் குறையுமே என்றுதான் கேட்கிறேன்.

எதிர்வீட்டு அத்தை ஏதோ பேச்சில், "நீ அன்னைக்கு இல்லைல்லா, ஒனக்கு என்ன தெரியும்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான் வந்திருக்கவே கூடாதோ?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தை சொன்னது உண்மைதான், அதனால்தான் வலிக்கிறது. எந்த மாடியில் ஏறினோம், யார் வீட்டில் கஞ்சி காய்ச்சினோம் என்று ஊரில் இருந்தவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடும். அதற்குள் நீங்கள் போக முடியாது. அதற்காக உங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடாது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் கிடந்த நேரத்தை நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா? கடிதத்தில் அதை இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பாவை நீங்கள் விடாமல் கேட்பதில், அவர் பாரம் குறையவேண்டும் என்பதோடு, அந்த ராத்திரிக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பேசினால் பாரம் குறையும் என்பது, அவராகப் பேசினால்தான். பேரிடரில் தப்பியவர்களை உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. அதை உலக சுகாதார நிறுவனமே இப்போது பரிந்துரைப்பதில்லை. அப்பாவிடம் வேறு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நோட்டு போன பிறகு, பாக்கியைத் தானாக வந்து கொடுத்தவர்கள் யார் யார்? கடைக்காரருக்கு அதற்குப் பதில் இருக்கும். மீதியை அவருக்குத் தோன்றும்போது, ஏதாவது வேலை செய்துகொண்டே சொல்வார். சொல்லாமலும் போகலாம்.

அணை மட்டத்தைப் பார்ப்பதை நோய் என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றங்கரையில் அடிபட்டவர் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? முடிவில்லாமல் பார்ப்பதுதான் ஆளைத் தின்கிறது. ஆகவே அவரையே தலைவராக வைத்து ஒரு திட்டம் போடுங்கள். பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரை எல்லாம் எந்த உயரத்தில் இருக்கவேண்டும், எந்த அறிவிப்பு வந்தால் கிளம்புவது, யார் வீட்டு மாடி. முடிவானதும் ராத்திரிக் காவலில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்: "நீங்க தூங்குங்கப்பா, தகவல் வந்தா நான் எழுப்புதேன்."

சென்னைப் பேச்சை இந்த மழைக்காலம் முடியும்வரை எடுக்காதீர்கள். அதே டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும்தான் மூழ்கியது. அப்பா அதை உங்களிடம் திருப்பிக் கேட்காமல் இருப்பது அவர் பெருந்தன்மை! நீங்கள் வந்தது சரிதான். ஆனால் கூட இருக்க வந்தீர்களா, கூட்டிப்போக வந்தீர்களா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

மழையில்லாத நாளிலும் தூக்கம் கெட்டால், கெட்ட கனவு வந்தால், கடைக்குப் போகவே மறுத்தால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்று சொன்னால் வருவார். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சோறு இறங்காத நாள் மறுபடி வந்தால் நீங்களும் அழையுங்கள்.